பஞ்சில் பொங்கிய பால்

ரொறன்ரோவுக்கு வந்து ஏழாம் மாதம்தான் நூலகத்துக்குள் கால் வைத்தேன். அதுவரை அது காசு கட்டிப் படிக்கிற இடம் என்றே நினைத்திருந்தேன். ரொறன்ரோ பொது நூலகத்தின் 100 கிளைகளில் ஒன்று, ஸ்காபரோவில் நாங்கள் இருந்த நிலக்கீழ் வீட்டில் இருந்து பத்து நிமிட நடையில் இருந்தது.

அட்டை எடுக்க அடையாளப் பத்திரமும் முகவரிக்கு ஆதாரமும் வேண்டும். வாடகை வீடு, மின்சார பில் என் பெயரில் இல்லை. மறுநாள் வங்கிக் கடிதத்தோடு போனேன், உடனே தந்தார்கள். புதிதாக வந்தவர்கள் தயங்காதீர்கள்: நகரத்தில் வசித்தாலோ, வேலை செய்தாலோ, படித்தாலோ அட்டை இலவசம். 2022 இல் இருந்து புத்தகம் பிந்தினாலும் தண்டம் இல்லை. குடியமர்வு ஆலோசகர் இருக்கிற கிளைகளும் உண்டு. வேலை, பாடசாலை, பத்திரங்கள் என்று எதையும் அவரிடம் கேட்கலாம்.

எனக்கு வழி திறந்தது நூலகத்தில் நடந்த ஆங்கில உரையாடல் வட்டத்தில்தான். ஒரு மார்கழி மாதம், உங்கள் ஊர்ப் பண்டிகையைச் சொல்லுங்கள் என்றார் நடத்துபவர். பொங்கலைச் சொன்னேன். "பாலை ஏன் வேண்டுமென்றே பொங்கி வழிய விடுகிறீர்கள்?" என்று பக்கத்தில் இருந்த ஆப்கானிய அம்மா கேட்டார். தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி விளக்கினேன். இதையே பிள்ளைகளின் கதை நேரத்தில் வந்து சொல்வீர்களா என்று கேட்டார் நூலகர். ஒன்ராறியோ மாகாணத்தில் 2014 இல் இருந்தும் கனடா முழுவதும் 2016 இல் இருந்தும் தை மாதம் தமிழ் மரபுத் திங்கள் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

மூன்று கிழமை ஆயத்தம். நெருப்பு மூட்ட முடியாது. மகளும் நானும் மண்பானையின் வாய் நிறையப் பஞ்சை அடைத்து, வெளியே வழிகிற மாதிரி இழுத்து ஒட்டினோம். நிலத்தில் கடதாசி விரித்து வெண்கட்டியால் கோலம் போட்டோம்.

அன்று நூலகர் ஆங்கிலத்தில் வாசிக்க, நான் தமிழில் சொன்னேன். முதல் நாலு வரிக்கும் குரல் நடுங்கியது. பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி போட்டார்கள். "பொங்கலோ பொங்கல்!" என்று நூலகத்துக்குள்ளேயே கத்தினார்கள். ஆப்கானிய அம்மாவும் பேரனோடு வந்திருந்தார். தமிழ் பேசத் தெரியாத ஒரு தமிழ்ப் பொடியன் பானையைத் தொட்டுப் பார்த்துத் தாயிடம் ஆங்கிலத்தில் கேட்டான்: "அம்மம்மா சொல்கிற பானை இதுதானா?"

ஊரில் எங்களுக்கு வாசிகசாலை இருந்தது. காலையில் பத்திரிகை, பின்னேரம் கரம்போர்ட், பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி. ஊர்ச்சனம் கூடுகிற இடம் அது. இங்கே எனக்கும் அப்படி ஓர் இடம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

எனக்கு ஒரு குறை இருந்தது. தை முடிந்ததும் தமிழை எடுத்து வைத்துவிடக் கூடாது. அதை நூலகரிடம் நேரே சொன்னேன். ஒரு கிழமை கழித்துப் பதில் வந்தது: மாதத்தில் ஒரு சனிக்கிழமை தமிழ்க் கதை நேரம்.

நாளைக்குப் பாட்டி வடை சுட்ட கதை. மகள் மேசையில் இருந்து அட்டையில் வட்டம் வட்டமாக வடை வெட்டுகிறாள்.