தைரொயிட் குளிசையும் காலைத் தேத்தண்ணியும்

கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் மட்டக்களப்பில் யாராவது ஃபேனை நிறுத்தச் சொல்வார்களா? நான் சொன்னேன், எனக்குக் குளிர்ந்தது. அதோடு மலச்சிக்கல், முடி கொட்டுதல், மாதவிடாயில் கூடுதல் இரத்தப்போக்கு, மத்தியானமானால் கண்ணைத் திறக்க முடியாத அசதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது: வயது, வேலை, பிள்ளைகளின் பரீட்சை. மாமிதான், "என்னகா புள்ள, தொண்டை கட்டினாப்போல கதைக்கிறாய்?" என்று பிடித்தார். குரல் தடிப்பதும் தைரொயிட், அதாவது கழுத்திலுள்ள சுரப்பி, குறைவாக வேலை செய்வதன் அறிகுறி என்பது மறுகா டொக்டர் சொல்லித் தெரிந்தது.

இரத்த ரிப்போட்டில் டீஎஸ்எச் என்கிற ஹோர்மோன் 18. நாலு சொச்சம் வரைதான் சரியான அளவு. "கூடத்தானே இருக்கு, ஏன் தைரொயிட் குறைவு எண்டுறாங்க?" என்றார் இவர். நியாயமான கேள்வி. டீஎஸ்எச் தைரொயிட்டில் சுரப்பது அல்ல, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி தைரொயிட்டுக்கு விடுகிற கட்டளை. வேலை நடக்காதபோது மேஸ்திரியின் சத்தம் கூடுமே, அதுபோலத்தான். தைரொயிட்டே சுரக்கிற டீ4 ஹோர்மோன் எனக்குக் குறைவாக இருந்தது. அப்புறம் எதிர்ப்புடல் பரிசோதனையும் செய்ததில் ஹாஷிமோட்டோ என்று தெளிவானது. உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்கும் நோய்.

இதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்து ஆலோசனை வந்து குவிந்தது. மரவள்ளி தொடாதே, கோவா தொடாதே, அயடீன் உப்பைக் கூடப் போடு. நம் நாட்டில் 1990களிலிருந்தே கடை உப்பில் அயடீன் சேர்க்கிறார்கள். என் நோய் அயடீன் குறைவால் வந்ததல்ல. அயடீனை அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தால் ஹாஷிமோட்டோ மோசமாகலாம். அவித்த மரவள்ளியை அளவாகச் சாப்பிடலாம் என்றார் டொக்டர். தேங்காய்ச் சம்பலோடு இன்றைக்கும் சாப்பிடுகிறேன்.

மருந்து ஒன்றே ஒன்று, தைரொக்சின், அதாவது எனக்குக் குறைந்த அந்த டீ4தான். 50 மைக்ரோகிராமில் தொடங்கி 75க்குப் போனது. வயதானவர்களுக்கும் இருதய வருத்தக்காரருக்கும் இன்னும் குறைவாகத் தொடங்குவார்கள். குளிசை விழுங்குவது பெரிய காரியமில்லை, காலைப் பொழுதை அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் பாடு. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது. கண் விழித்ததும் தேத்தண்ணி குடிக்கும் வீட்டில் இது சின்ன விஷயமா? கடைசியில் குளிசைப் போத்தலைத் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தேன். எழும்பியதும் விழுங்கிவிட்டு முற்றம் கூட்டி, பூ ஆய்ந்து, பிள்ளைகளை எழுப்ப நேரம் போய்விடும். அதன்பிறகு தேத்தண்ணி. அடுப்படியில் குளிசையை வைக்க வேண்டாம், சூடும் ஈரமும் அதற்கு ஆகாது.

இரத்தப்போக்கால் இரும்புச்சத்துக் குளிசையும் தந்திருந்தார்கள். அதற்கும் தைரொக்சினுக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும், கல்சியத்துக்கும் அப்படியே. சேர்ந்து போனால் தைரொக்சின் உடலில் சுவறாது. ஆகவே இரும்பை இரவுக்கு மாற்றினேன். முடிக்கென்று பார்மசியில் விற்கும் பயோட்டின் வேறு மாதிரி: அது சில ஆய்வுகூட முறைகளில் ரிப்போட்டையே பிழையாகக் காட்டவைக்கும். அதை எடுப்பவர்கள் இரத்தம் கொடுக்க முன் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பலன் மெதுவாகத்தான் தெரியும். தைரொக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும்; அதனால்தான் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டீஎஸ்எச் பார்க்கிறார்கள். எனக்கு முதலில் போனது மலச்சிக்கல், பிறகு குளிர். முடி மாதக்கணக்கில் காத்திருக்க வைத்தது. எடை கொஞ்சம்தான் இறங்கியது. என் சதை முழுவதற்கும் தைரொயிட்டைக் குற்றம் சொல்ல முடியாது, சரி.

காத்தான்குடிச் சிநேகிதிக்கும் இதே வருத்தம். நோன்பு மாதத்தில் அவள் டொக்டரைக் கேட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரத்துக்குப் பின் படுக்கும்போது போடுகிறாள். என் தங்கைக்குப் பிள்ளை தங்கியதும் உடனே கிளினிக்கில் சொல்லச் சொன்னார்கள், கர்ப்ப காலத்தில் அளவு கூட்ட வேண்டி வருமாம். எனக்கு இப்போது வருடத்துக்கு ஒரு தரம் இரத்தம் கொடுத்தால் போதும்.