சேர்த்து வைக்கும் வேலை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் ‘குழந்தையும் தெய்வமும்’ ஓடிக்கொண்டிருந்தது. பத்து வயதாகும் என் அக்கா மகள், தட்டில் பாதித் தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு, குட்டி பத்மினி இரட்டை வேடத்தில் வந்து பிரிந்திருக்கும் தாய் தந்தையரைச் சேர்த்து வைப்பதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும், விரல்களில் சோறு காய்ந்திருக்க, கை கழுவ எழுந்தவள் பாதி வழியில் நின்று, “அவங்க ரெண்டு பேர் சித்தி. நான் ஒருத்திதானே இருக்கேன், நான் எப்படிச் செய்யறது?” என்று கேட்டாள். அக்காவும் அவள் கணவரும் சட்டப்படி பிரிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. எனக்குப் பதில் வரவில்லை. கையைக் கழுவிவிட்டு வா என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் படம் 1965-இல் ஏவிஎம் தயாரிப்பில், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் வந்தது. கதையின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. எரிஷ் கெஸ்ட்னர் 1949-இல் வெளியிட்ட சிறுவர் நாவல் ஒன்றில், வியன்னாவில் இசை நடத்துநரான தந்தையோடு வளரும் லூயிசும், மியூனிக்கில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் தாயோடு வளரும் லோட்டியும், ஒரு கோடை விடுமுறை இல்லத்தில் சந்தித்துத் தாங்கள் இரட்டையர் என்பதைக் கண்டுபிடித்து, இடம் மாறி ஊர் திரும்புகிறார்கள். 1961-இல் டிஸ்னி நிறுவனம் அதை ‘தி பேரண்ட் ட்ராப்’ என்று படமாக்கியது; நான்கே ஆண்டுகளில் கதை கோடம்பாக்கம் வந்து சேர்ந்துவிட்டது.

கெஸ்ட்னர் அந்த நாவலின் நடுவே கதையை நிறுத்திவிட்டு, விவாகரத்தைப் பற்றியெல்லாம் குழந்தைகளிடம் எழுதலாமா என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்குப் பதில் சொல்கிறார். ஷர்லி டெம்பிள் ஏழெட்டு வயதில் உலகப் புகழ்பெற்ற நடிகையாக இருந்தும், அவள் நடித்த படத்தைப் பார்க்க அவளையே வயது போதாது என்று திரையரங்கில் விடவில்லை என்பதை எடுத்துக்காட்டுகிறார். பெற்றோர் பிரிந்ததால் துன்பப்படும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள், பிரியாமல் இருப்பதால் துன்பப்படும் பிள்ளைகளும் பலர் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவர் நூலில் இப்படி எழுதத் துணிந்தவரை வணங்கத்தான் வேண்டும். ஆனால் அதே கெஸ்ட்னர் கடைசியில் அந்தத் தாயையும் தந்தையையும் மீண்டும் மணம் முடித்துவைத்துவிடுகிறார். அதுவும் எப்படி? லோட்டி தனியாகப் போய், தன் தந்தையை மணக்கவிருக்கும் பெண்ணிடம் இந்தத் திருமணம் கூடாது என்று சொல்லிவிட்டு வந்து, காய்ச்சலில் படுத்த பிறகு. ஒன்பது வயதுப் பிள்ளை தன் உடம்பை வருத்தி வாங்கிய சமாதானம் அது.

தமிழில் இன்னொன்றும் நடந்தது. நாவலில் பெற்றோர் பிரிந்ததற்கு அவர்களே காரணம்: இசையமைக்க அமைதி வேண்டும் என்று கைக்குழந்தைகளின் அழுகையிலிருந்து தப்பித் தனியறை தேடிப் போன கணவர், அதைத் தாங்க முடியாத இளம் மனைவி. நம் படத்தில் அந்தப் பழி மாமியாரின் பணச்செருக்கின் மேல் விழுகிறது. கணவன் மனைவிக்குள் தீராத வேற்றுமை இருக்க முடியும் என்று ஒப்புக்கொள்வதைவிட, மூன்றாம் மனிதர் ஒருவரைக் கைகாட்டுவது நமக்கு எளிதாக இருந்திருக்கிறது. 1996-இல் வந்த ‘அவ்வை சண்முகி’யிலும் இதைத்தான் பார்க்கிறேன். அதற்கு முன்னோடியான அமெரிக்கப் படம் ‘மிஸஸ் டவுட்ஃபயர்’, 1987-இல் ஆன் ஃபைன் எழுதிய சிறுவர் நாவலிலிருந்து பிறந்தது. அதன் முடிவில் பெற்றோர் சேர்வதில்லை, தந்தை பிள்ளைகளைப் பார்க்க வழி மட்டும் பிறக்கிறது. நம் படத்தில் தம்பதியர் சேர்ந்துவிடுகிறார்கள். நானும் அன்று திரையரங்கில் கைதட்டியவள்தான்.

நான் கோகுலமும் அம்புலிமாமாவும் பூந்தளிரும் படித்து வளர்ந்தவள். அவற்றில் தாயை இழந்த பிள்ளைகள் ஏராளம்; தாயும் தந்தையும் வேறு வேறு வீட்டில் வாழும் பிள்ளை ஒன்றுகூட என் நினைவில் இல்லை. அந்தக் கதைகளில் தாய் இறக்கலாம், பிரியக் கூடாது. இறந்தால் அந்த இடத்துக்கு மாற்றாந்தாய் வருவாள். வந்தால் கொடுமைதான் செய்வாள். தந்தையின் மடியிலிருந்து துருவனை விரட்டிய சுருசியில் தொடங்கி நமக்கு இது பழகிப்போன கதை. பட்ஜெட்டில் நிதி குறைந்தால்கூட ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்றுதானே நாளிதழில் தலைப்பு வருகிறது. ஐரோப்பியக் கதைகளின் பொல்லாத மாற்றாந்தாய்களிலோ சிலர் பதிப்பாசிரியர்கள் உருவாக்கியவர்கள். கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளின் 1812-ஆம் ஆண்டு முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாயே. தாய் அப்படிச் செய்யலாமா என்ற கூச்சத்தில், 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாயாக ஆக்கினார்கள். ஹான்சல், கிரேட்டல் கதையிலும் 1840-இல் இதே திருத்தம் நடந்தது. பெற்றவளின் மானத்தைக் காப்பாற்ற வளர்க்க வந்தவளைக் குற்றவாளியாக்கிய பேனா அது.

அக்கா மகளின் கேள்விக்குப் பதில் தேடி நான் முதலில் போய் நின்றது அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூம் 1972-இல் எழுதிய சிறுவர் நாவலில். பன்னிரண்டு வயது கேரன் ஒவ்வொரு நாளுக்கும் தன் குறிப்பேட்டில் மதிப்பெண் போடுபவள். பெற்றோரை ஒரே அறைக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று நம்பித் திட்டம் மேல் திட்டம் போடுகிறாள். அண்ணன் வீட்டை விட்டு ஓடிப்போகும்போது அந்தச் சந்திப்பு நடந்தும் விடுகிறது. நம் படமாக இருந்தால் அங்கே கண்ணீரும் சமாதானமும் வந்திருக்கும். ப்ளூம் அங்கே ஒரு பயங்கரமான சண்டையை வைக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் கேரனுக்கு இவர்கள் சேரவே வேண்டாம் என்று தோன்றுகிறது.

ஆனால் எனக்கு இதைவிட நெருக்கமான புத்தகம் பெவர்லி க்ளியரி 1983-இல் எழுதிய ‘டியர் மிஸ்டர் ஹென்ஷா’. மறு ஆண்டு, அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. பெற்றோர் பிரிந்த ஒரு பையனைப் பற்றி எழுதுங்கள் என்று, ஒருவரையொருவர் அறியாத இரண்டு சிறுவர்கள் அவருக்குக் கடிதம் எழுதியதிலிருந்து பிறந்த கதை அது. லீ பாட்ஸ் என்ற அந்தப் பையனின் தந்தை நெடுந்தூர லாரி ஓட்டுநர். அழைக்கிறேன் என்று சொன்ன நாளில் அழைக்க மாட்டார். பொறுக்க முடியாமல் ஒரு நாள் லீயே தொலைபேசியில் அழைக்கிறான். பேச்சின் நடுவே, அந்தப் பக்கம் வேறொரு சிறுவனின் குரல், பீட்சா வாங்க எப்போது போவோம் என்று அம்மா கேட்கிறாள் என்று சொல்வது அவன் காதில் விழுகிறது. அவ்வளவுதான். யாரும் அழவில்லை, கத்தவில்லை. தன் அப்பா இன்னொரு பிள்ளையோடு பீட்சா சாப்பிடப் போகிறார் என்பதை லீ தெரிந்துகொள்ளும் அந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் புத்தகத்தை ஒரு நிமிடம் மூடி வைக்க வேண்டியிருக்கிறது. பின்னர் அதே தந்தை திரும்பி வந்து, மீண்டும் சேர்ந்து வாழலாமா என்று கேட்கும்போது லீயின் தாய் மறுத்துவிடுகிறார். அதைத் தடுக்கவோ நடத்தவோ லீயிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. அவனுக்கென்று வேறு வேலைகள் இருக்கின்றன: சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து தின்பண்டம் திருடுபவனைப் பிடிக்க, பெட்டியைத் திறந்தால் மணியடிக்கும்படி செய்வது போன்ற வேலைகள்.

இரண்டு வீட்டுப் பிள்ளையின் அன்றாடத்தை ஜாக்குலின் வில்சன் அளவுக்கு எண்ணி எண்ணி எழுதியவரை நான் படித்ததில்லை. 1992-இல் வந்த ‘தி சூட்கேஸ் கிட்’டில் பத்து வயது ஆண்டி ஒரு வாரம் தாய் வீட்டில், மறு வாரம் தந்தை வீட்டில் இருக்கிறாள். இரண்டு இடத்திலும் புதிய துணைவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். சட்டைப் பையில் அடங்கும் ஒரு பொம்மை முயல் மட்டுமே இரண்டு வீட்டுக்கும் கூட வருகிறது. அக்கா மகள் இதை இரண்டே நாளில் படித்து முடித்தாள். சனிக்கிழமை தோறும் அவள் தந்தை வீட்டுக்கு எடுத்துப் போகும் நீலப் பையில் பல் துலக்கும் பிரஷ் இருக்காது, அங்கே ஒன்று தனியாக இருக்கிறது. ஆனால் மூக்குக்கண்ணாடித் துடைப்பான் எப்போதும் இருக்கும், அது ஒன்றுதான் அவளிடம் உண்டு.

வரும் தை மாதம் அவள் தந்தை மறுமணம் செய்துகொள்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஆறு வயதில் ஒரு மகன். இங்கேதான் ஆங்கிலப் புத்தகங்கள் கைகொடுக்காத ஒரு சிக்கல் வருகிறது. ஆண்டி தன் தந்தையின் துணைவியைக் கேரி என்று பெயர் சொல்லி அழைத்துவிட்டுப் போகிறாள். ஆன் ஃபைனின் ‘காகிள் ஐஸ்’ நாவலில் கிட்டி, தாயின் நண்பரை உறவுமுறை எதுவும் இல்லாமல் பட்டப்பெயரிலேயே வெறுத்து, மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்கிறாள். நம் வீட்டில் பெரியவரை முறை வைத்துக் கூப்பிட்டாக வேண்டும். “அவங்களையும் சித்தின்னு கூப்பிடணும்னு பாட்டி சொல்றாங்க. சித்தின்னா நீதானே?” என்று அவள் கேட்டபோது, தாயின் தங்கைக்கும் தந்தையின் இரண்டாம் மனைவிக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருப்பதன் வசதியின்மை எனக்கு முதன்முறையாக உறைத்தது. ஒரு சித்தி கதை சொல்பவள். இன்னொரு சித்தி கதைகளில் கொடுமைக்காரி. இப்போதைக்கு ‘ஆன்ட்டி’ என்று முடிவாகியிருக்கிறது. பாட்டிக்கு அது பிடிக்கவில்லை.

நேற்று ஹென்ஷாவைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். புத்தகம் பிடித்திருந்ததா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டே, “அந்தப் பீட்சாப் பையன் இருக்கான்ல, ஃபோன்ல அந்தப் பக்கம் இருக்கிறது யாருன்னு அவனுக்குத் தெரியுமா சித்தி?” என்றாள்.

தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் படியிலேயே நின்றுவிட்டு, புத்தகத்தை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.