முள் கீறிய கையும் சேரின் தழும்பும்

"தம்பி, நீ வடிவான கை கீறிப்போட்டாய். எனக்கு வடிவு வேண்டாம். புண்தான் வேணும்."

எங்கள் சித்திர ஆசிரியர் இப்படிச் சொல்லி என் தாளைத் திருப்பித் தந்தது அது இரண்டாம் தடவை. ஆண்டு 1980. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதென்று மே 8ஆம் திகதி ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை அறிவித்திருந்தது. அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து சேருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவ்வருடக் கண்காட்சியில் எங்கள் வகுப்புப் பலகை முழுவதும் அம்மை குத்திய கதையைப் படங்களாலேயே சொல்ல வேண்டும் என்றார். விஞ்ஞான ஆசிரியர் செய்ய வேண்டியதை இவர் ஏன் செய்கிறார் என்று கேட்டவர்களும் உண்டு. "மருந்தைக் கண்டுபிடிச்சது வைத்தியர். அதைச் சனத்துக்குக் காட்டினவன் ஓவியன்" என்பது அவர் பதில்.

எனக்குக் கிடைத்தது சாரா நெல்ம்ஸின் கை. சாரா பால் கறக்கும் பெண். முள் கீறிய இடத்தில் பசு அம்மை தொற்றி அவளுடைய கையில் பெரிய கொப்புளம் எழுந்தது. மணிக்கட்டருகே சின்னதாக இன்னும் இரண்டு. 1796 மே 14ஆம் திகதி ஆங்கில வைத்தியர் எட்வேர்ட் ஜென்னர் அந்தக் கொப்புளத்து நீரை எடுத்து, எட்டு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் பிப்ஸின் கையில் கீறி ஏற்றினார். ஜூலையில் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார். பையனுக்கு நோய் வரவில்லை. 1798இல் ஜென்னர் வெளியிட்ட நூலில் சாராவின் கை வர்ணம் தீட்டிய செதுக்குப்படமாக வந்தது. முகம் இல்லை, உடம்பு இல்லை. ஒரு கை, அதில் புண். வாசிக்கிறவர் எந்தக் கொப்புளத்தைத் தேட வேண்டுமென்று அந்தப் படம் காட்டியது.

அதை நான் ஓவியப் போட்டிக்குக் கீறுவதுபோல் விரல்களை நீட்டி, நகங்களை மினுக்கி, புண்ணைச் சிவப்புப் பொட்டாக வைத்துவிட்டேன். சேர் என் பக்கத்தில் வாங்கைப் போட்டு இருந்தார். கொப்புளத்தின் நடு பள்ளம், ஓரம் தடிப்பு, சுற்றிவர மங்கிய சிவப்பு என்று பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "அழகாக்கினால் பொய்யாகிடும்" என்றார். மூன்றாவது கை மூன்று நாள் எடுத்தது.

பலகையில் எல்லாரும் மொய்த்து நின்றது என் கையின் முன்னால் அல்ல. ஜேம்ஸ் கில்ரே 1802இல் வெளியிட்ட கேலிச்சித்திரத்தின் முன்னால். லண்டனில் ஒரு அம்மை மருத்துவமனை. நடுவில் பயந்து போய் இருக்கும் ஒரு பெண்ணின் கையை ஜென்னர் கீறுகிறார். ஏற்கெனவே குத்திக்கொண்டவர்களின் உடம்பிலிருந்து குட்டிப் பசுக்கள் முளைக்கின்றன, ஒருவருக்குக் கையில், இன்னொருவருக்கு வாயில். சுவரிலே பொற்கன்றை வணங்கும் கூட்டத்தின் படம். பக்கத்தில் வாளி ஏந்திய பையன். பல வருடங்களுக்குப் பிறகு பிரித்தானிய அருங்காட்சியகத்துப் பிரதியைப் பார்த்தபோது அந்தப் பையனின் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. பிடி என்றார்கள், பிடித்துக்கொண்டிருக்கிறான். மாட்டிலிருந்து எடுத்ததை மனித உடம்பில் ஏற்றுவதா என்ற அச்சம் அன்றைக்கு உண்மையான அச்சம். அதை ஏளனமாக நான் நினைக்கவில்லை. தடுப்பு மருந்தைக் குறிக்கும் வக்சீன் என்ற சொல்லின் வேரே லத்தீனில் பசு. நம் மூத்தவர்களும் அந்த மருந்தை அம்மைப்பால் என்றுதானே சொன்னார்கள்?

அச்சத்தைக் கீறுவது சுலபம், ஆறுதலைக் கீறுவது கடினம். லூயி லியோபோல்ட் புவாயி 1807இல் தீட்டிய ஓவியத்தில் ஒரு வீட்டு அறை, குழந்தையின்மேல் குனிந்த வைத்தியர், சுற்றிலும் குடும்பத்தார். நல்ல ஓவியம், ஆனால் எங்கள் கண்காட்சியில் அதன் முன் ஒருவரும் அரை நிமிடம் நிற்கவில்லை. இத்தாலியச் சிற்பி மொன்டேவெர்டேயின் சிற்பம் வேறு மாதிரி. திமிறும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு ஜென்னர் அம்மை குத்துகிறார். குழந்தை அடங்கி இருப்பதாக அந்தச் சிற்பி பொய் சொல்லவில்லை.

சேர் உயிரோடு இருந்திருந்தால் காட்டியிருப்பேன் என்று நான் ஏங்கும் படம் ஒன்று உண்டு. தோமஸ் ஹிக்கி 1805இல் மைசூர் அரச குடும்பத்துப் பெண்கள் மூவரைத் தீட்டினார். ஒருத்தி சேலையை விலக்கிக் கையைக் காட்டுகிறாள். குத்திய இடத்தை மக்கள் காணட்டும், பயம் தெளியட்டும் என்பதற்காகவே அப்படித் தீட்டப்பட்டது என்று பிற்காலத்தில் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். எனக்கு அது சரியென்றே படுகிறது. மறைக்க வேண்டிய கையை ஒரு அரசி அப்படி நீட்டிக் காட்டுவதற்கு வேறு என்ன காரணம்?

சுவரொட்டிகளில் என்னை அசைத்தது ஒன்றுதான், அதைச் சுவரொட்டி என்பதும் சரியல்ல. பெரியம்மை ஒழிப்புப் பணியாளர்கள் கையில் கொண்டு திரிந்த அட்டை. உடம்பெல்லாம் கொப்புளம் பரவிய ஒரு குழந்தையின் படம். வீடு வீடாக, சந்தை சந்தையாக அதை நீட்டி, "இப்படி யாரையும் கண்டீர்களா?" என்று கேட்டார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் அந்தக் கேள்வி விளங்கியது. இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1977 ஒக்டோபரில் சோமாலியாவில் கண்டுபிடிக்கப்பட்டார். அதன்பிறகும் தேடல் ஓயவில்லை. நோயாளியை முதலில் அறிவிப்பவருக்கு 1,000 டொலர் என்று உலக சுகாதார நிறுவனம் சுவரொட்டி ஒட்டியது. போலியோ சொட்டு மருந்துக்காக அமெரிக்காவில் 1960களில் வந்த சுவரொட்டியின் சிரிக்கும் தேனீயை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த அட்டைக்கு முன்னால் தேனீ நிற்காது.

கண்காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் பலகையின் நடுவில் ஒரு இடம் வெறுமையாகக் கிடந்தது. சேர் சேட்டுக் கையை மடித்து, மேற்கையில் காசளவு குழிந்திருந்த தழும்பைக் காட்டி, "இதையும் கீறு" என்றார். இருட்டும்வரை அசையாமல் இருந்தார். பெயர் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அந்தப் பலகையைப் படம் எடுத்தவர்கள் நம்மோடு படித்தவர்களில் இருந்தார்கள். யாரிடமாவது ஒரு பிரதி மிஞ்சியிருந்தால் இந்த மலரை வெளியிடும் குழுவுக்கு அனுப்பிவையுங்கள். நடுவில் இரண்டு கைகள் இருக்கும். இடப்பக்கம் சாராவுடையது, வலப்பக்கம் சேருடையது.