எண்ணிய பிறகும் எண்ணுவது

வங்கியில் பணம் வாங்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். மாலையில் கணக்கு உதைத்தால், குறைகிற தொகையைக் காசாளர்தான் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். பழகிய நாட்களில் அது அடங்கிக் கிடக்கும். 2016 நவம்பரில் அடங்கவில்லை.

500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று 8ஆம் தேதி இரவு அறிவித்தார்கள். 10ஆம் தேதி கதவைத் திறந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. ஆளுக்கு 4,000 ரூபாய் வரை மாற்றித் தரலாம். படிவம், அடையாள அட்டை நகல், அதற்குள் அடுத்தவர். புதிய 2,000 ரூபாய் நோட்டு பழைய ஆயிரத்தைவிடச் சிறியது. விரலுக்குப் பிடிபடவே நாளாயிற்று. இயந்திரம் நூறு என்று காட்டிய நோட்டுக்கட்டைக் கையால் எண்ணுவேன், சரியாக இருக்கும், மறுபடி எண்ணுவேன். வீட்டில் சாதம் பிசையும்போதுகூட அந்தக் கட்டைப் பற்றித்தான் யோசனை.

பல ஆண்டுகள் கழித்துத்தான் அதற்கு விளக்கம் கிடைத்தது. நெதர்லாந்து உளவியலாளர்கள் வான் டென் ஹவுட்டும் கின்ட்டும் 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. கணினித் திரையில் தெரியும் எரிவாயு அடுப்பை அணைத்தாயிற்றா என்று சிலரைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தார்கள். கடைசியாக எதைப் பார்த்தோம் என்ற நினைவு பெரிதாகப் பிசகவில்லை. அந்த நினைவின் தெளிவும், அதன் மேல் இருந்த நம்பிக்கையுமே தேய்ந்துபோயின. நான் ஜாக்கிரதை என்று நினைத்துச் செய்ததெல்லாம் என் கை மீதான நம்பிக்கையைத்தான் அரித்திருக்கிறது.

எங்கள் தலைமைக் காசாளர் உளவியல் படித்தவரில்லை. "இயந்திரத்தில் ஒரு தடவை, கையால் ஒரு தடவை. கட்டைச் சுற்றிய காகிதப் பட்டியில் கையெழுத்துப் போட்டபின் அந்தக் கட்டைத் தொடாதீர்கள் அம்மா" என்பார். கையெழுத்து மேலதிகாரிக்காக என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். எண்ணியது நான்தான் என்று எனக்கே சொல்லும் அத்தாட்சியாகவும் அது உதவியது. ஆனால் தொடாமல் இருப்பது எண்ணுவதைவிடக் கடினம். முதலில் உள்ளங்கை வியர்க்கும், மார்பு படபடக்கும். அடுத்த வாடிக்கையாளரின் சீட்டைக் கையில் எடுத்தால் கொஞ்சத்தில் தணியும். எல்லாப் பதற்றமும் இப்படித் தணியாது. தூக்கத்தையே பறிப்பதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

பின்னொரு நாள் 500 ரூபாய் குறைந்தது. சீட்டுகளைப் புரட்டினோம், இழுப்பறையைக் கவிழ்த்தோம், கிடைக்கவில்லை. கட்டினேன். இத்தனை காலம் நான் பயந்த விஷயம் 500 ரூபாயோடு முடிந்துபோனதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.