மிளகு முட்டையும் என் தட்டும்

சத்துணவு அமைப்பாளர் வேலையில் இருந்துகொண்டு மீன், கறி, முட்டை மூன்றையும் ஒருத்தி விட்டால் முதல் விசாரணை சமையல்கட்டில்தான் நடக்கும். "டீச்சருக்கு என்னவாக்கும், பத்தியமா?" என்றார் எங்கள் சமையலர் அக்கா. பத்தியம் இல்லை என்றேன். நேர்ச்சையா? அதுவும் இல்லை. ஜோசியர் யாரும் சொன்னாரா? இல்லை. இந்த மூன்று காரணத்துக்கு வெளியே ஒரு மனுஷி மீனை விடுவாள் என்று ராஜாக்கமங்கலம் பக்கத்தில் யாரும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. குமரி மாவட்டத்தில் கறியை விடுவது பெரிய காரியமில்லை, மீனை விடுவதுதான் காரியம். விடிந்ததும் மீன் கூடையான கடவத்தோடு வாசலில் ஆள் வந்துவிடும். சாளை கிடக்கிறது, நெத்திலி கிடக்கிறது, அயலை வேண்டுமா என்று குரல் கேட்கும்போதே வீட்டில் தேங்காய் துருவ ஆரம்பித்திருப்பார்கள். மீன்பிடித் தடைக்காலத்திலாவது தப்பிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்குக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் விசைப்படகு கட்டிக் கிடந்தால் மேற்கே குளச்சலிலிருந்து மீன் வரும், குளச்சலில் கட்டினால் சின்னமுட்டத்திலிருந்து வரும். நடுவில் இரண்டும் நிற்கிற அந்த இரண்டு வாரமும் வள்ளமும் கட்டுமரமும் போய்க்கொண்டுதான் இருக்கும். மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்துவிட்டு மீன்குழம்பு இல்லாமல் சாப்பிடுகிறவளை இந்த ஊர் பரிதாபமாகத்தான் பார்க்கும்.

என்னை விடவைத்தது முட்டை. எங்கள் மையத்துக்கு வாராவாரம் அட்டை அட்டையாக வந்து இறங்குவது நாமக்கல் முட்டைதான். அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது உறவுக்காரர் ஒருவர் தம் பண்ணையைச் சுற்றிக் காட்டினார். பெருமையாகத்தான் காட்டினார், பெருமைப்படுகிற அளவுக்குச் சுத்தமாகவும் இருந்தது. வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டு. ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் ஒரு நோட்டின் பக்கம் அளவுகூட இருக்காது. அதில் நின்று, அதில் தின்று, முட்டை சரிந்து முன்னால் இருக்கிற தடத்துக்கு உருண்டு வருகிறது. ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க அலகு நுனியைக் குஞ்சிலேயே சுட்டுவிடுகிறார்கள். சேவல் குஞ்சுகள் என்ன ஆகும் என்று கேட்டேன். முட்டையும் போடாது, கறிக்கும் தேறாது, பொரிப்பகத்திலேயே முதல் நாளே கழித்துவிடுவார்கள் என்றார், கணக்கில் தள்ளுபடி சொல்கிற குரலில். தினமும் இருப்புப் பதிவேட்டில் முட்டை எண்ணிக்கை எழுதுகிற எனக்கு அந்தத் தள்ளுபடி எந்தக் கட்டத்திலும் வரவில்லையே என்று பட்டது.

முட்டையில் தொடங்கியது, கறிக்கும் மீனுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் வேலை மாறவில்லை. காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் மூன்று எண் எடுப்பேன்: இன்றைக்கு எத்தனை சாப்பாடு, எத்தனை முட்டை, எத்தனை வாழைப்பழம். முட்டை சாப்பிடாத பிள்ளைக்குப் பழம் என்பது ஏற்பாடு. அப்புறம் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். படுத்துக் கிடந்தால் புதுசு, நிமிர்ந்து நின்றால் நாள்பட்டது, மிதந்தால் தூர எறி. ரொம்பப் புதுசாக இருந்தால் அவித்தபின் ஓடு ஒழுங்காக உரியாமல் வெள்ளையைப் பிய்த்துக்கொண்டு வரும், அன்றைக்கு அக்காவின் வாய்க்குப் பக்கத்தில் போகக் கூடாது. பரிமாறும் முன் பெரியவர்கள் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது சாதத்தை நான் பார்க்கிறேன், மிளகு முட்டையையும் தக்காளி மசாலா முட்டையையும் தலைமையாசிரியர் பார்க்கிறார். "உங்க பாவத்தையும் சேர்த்து நான் திங்குறேன்" என்பார். பாவம், அவருக்குக் கொழுப்புக் கோளாறு வேறு. மஞ்சள் கருவை எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

இங்கேதான் கேள்வி வருகிறது. கொல்லக் கூடாது என்று தோன்றி இதையெல்லாம் விட்டவள், தினமும் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கலாமா? தின்பதற்கென்று உலகம் கொல்லாவிட்டால் விலைக்கு ஊன் தருகிறவரும் இருக்க மாட்டார் என்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வது என்னைப் போன்ற ஆளுக்குத்தான். வாங்குகிறவர் இருப்பதால்தான் விற்கிறவர். எங்கள் மையத்தில் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடுவது நான்.

ஆனாலும் கொடுக்கிறேன், மனமறிந்துதான். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவில் 12 கிராம் புரதம் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் இருக்கிறது, பாதி முடிந்தது. 100 கிராம் வாழைப்பழத்தில் ஒரு கிராம்தான். தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி 2010ல் வாரத்துக்கு ஐந்து என்று வந்து சேர இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 2015ல் அங்கன்வாடியில் முட்டை கொடுக்கலாம் என்ற யோசனை வந்தபோது அன்றைய முதலமைச்சரே வேண்டாம் என்றார். கர்நாடகாவில் 2021ல் பள்ளியில் முட்டை என்றதும் மடங்களிலிருந்து எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள் பருப்பும் நெய்யும் பாலும் குறையாமல் வளர்கிறவர்கள். வீட்டில் காலையில் பாலில்லாத கட்டன் சாயாவோடு வருகிற பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுத்து என் மனசாட்சியைக் கழுவிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. விடுவதென்றால் என் தட்டில் இருப்பதைத்தான் நான் விட முடியும்.

கடலோரத்துப் பிள்ளைகளும் எங்களிடம் படிக்கிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்ததையும் இந்த மாவட்டத்திலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வீடுகளில் போய் மீனுக்கும் உயிர்தானே என்று பேச எனக்கு நாக்கு வராது. மீனின் வலி பொய் என்பதால் இல்லை, அந்தப் பேச்சை அங்கே பேசுவதற்கு நான் எந்தக் கடலிலும் எதையும் இழக்கவில்லை.

என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது கேலி பண்ணுகிறவர்கள் இல்லை, பாராட்டுகிறவர்கள்தான். மீனும் கறியும் சாப்பிடுவதை விட்டேன் என்று தெரிந்ததும் சிலர் என்னை ஒரு படி மேலே ஏற்றிவிட்டார்கள். "இப்பதான் சுத்தமாயிட்டீங்க" என்றார் ஒரு தெரிந்த அம்மா. இத்தனை நாள் என்னவாக இருந்தேனாம்? நாகர்கோவிலில் வீடு பார்க்கப் போனபோது "சைவம் மட்டும்" என்று போட்ட வாசலில் இப்போது எனக்கு இடம் உண்டு, எங்கள் அக்காவுக்கு இல்லை. கோழிக்காகக் கையைக் கழுவினால் அதையே ஒரு சாதிச் சான்றிதழாக வாங்கிக்கொள் என்கிறார்கள். அந்த வீட்டை நான் எடுக்கவில்லை. வாடகையும் கொஞ்சம் அதிகம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சைவம் என்றால் மேல்தட்டுப் பழக்கம் என்று நினைக்கிறவர்களுக்கு அய்யாவழிக்காரர்களின் தலைமைப்பதியான சாமித்தோப்பு பக்கத்தில்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பெண்கள் மேலாடையாகத் தோள்சீலை போடும் உரிமை மறுக்கப்பட்ட மக்களை, அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டர் துவையல் தவசுக்கு அனுப்பினார். வாகைப்பதியில் குளித்து, துணி துவைத்து, ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு சாப்பிட்டு, ஒன்றாகக் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். கோயிலில் பலி கொடுப்பதையும் அவர் வேண்டாம் என்றார். அங்கே மரக்கறி யாரையும் கீழே தள்ளுவதற்காக வரவில்லை. அதற்கும் முன்னால் சிதறால் மலையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிவிட்டுப் போன சமணர்கள் இருந்த மாவட்டம் இது. கொல்லாமை இங்கே வெளியூர்ச் சரக்கு இல்லை.

என் சைவம் முழுசும் இல்லை. பால் இன்னும் குடிக்கிறேன். கறவை வற்றிய மாடும் காளைக்கன்றும் கடைசியில் எந்தப் பக்கம் போகின்றன என்பது களியக்காவிளை சாலையில் போகிற யாருக்கும் தெரியும். அதை யோசித்தால் டீ கசக்கிறது. குடிக்கிறேன்.

எங்கள் மையத்தில் இப்போது இழுபறியாக இருப்பது பழம் வாங்குகிற பிள்ளைகள்தான். அய்யாவழிக் குடும்பம் ஒன்று, "இவனுக்கு முட்டை குடுக்கப்பிடாது கேட்டியளா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட பயல்கள் சேர்ந்துகொள்வார்கள், பழக் கணக்கு ஏறும். முட்டைக்குப் பழம் ஈடாகாது, அந்த 5 கிராமுக்கு எதையாவது கொடுக்க வேண்டும், சுண்டல் கூடுதலாகத் தரலாமா என்று ஒன்றிய அளவிலான கூட்டத்தில் கேட்டேன். சைவம் சாப்பிடுகிற ஆள் கேட்டதால் சொந்தக் கட்சி என்று நினைத்திருப்பார்கள். அதற்கு ஒதுக்கீடு இல்லை என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்திருக்கிறேன். அதுவரை செவ்வாய்க்கிழமைப் பயறு நாளில் பாத்திரத்தில் மிஞ்சுவது முதலில் பழக்காரப் பிள்ளைகளுக்கு என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "மிஞ்சுனா பாப்போம் டீச்சரே" என்கிறார். பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.