ஹெட்போனைத் திருப்பி மாட்டிய நாட்கள்

2025 மே 3, சனி

ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன். அப்பவும் கேட்காதது இடது காதுதான்.

அதே நாள், ராத்திரி 2.40

தூக்கம் இல்லை. காதுக்கான மாத்திரை அப்படித்தான் பண்ணும் என்று சொல்லியே கொடுத்தார்கள். காலையில் சாப்பிட்டதும் 60 மில்லிகிராம், அதற்கு முன்னால் வயிற்றுக்கு ஒன்று. பசி வேறு, பேய்ப்பசி. டப்பாவில் இருந்த ரவா உருண்டையில் நாலைக் காலி பண்ணிவிட்டு ஸ்கைரிமைத் திறந்தேன். 2011இல் வந்த கேம். என்னிடம் இருப்பது 2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷன். அதில் 143 மாட், கேமை மாற்ற ரசிகர்கள் செய்து போடுகிற ஒட்டுகள், மூணு வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தது. செத்த பாம்பை இன்னும் எத்தனை நாள் அடிப்ப என்பான் மாப்பிள்ளை. போன மாசம் 22ஆம் தேதி ஆப்லிவியன் ரீமாஸ்டர் வந்ததிலிருந்து அதை வாங்கு, அதை வாங்கு என்று நச்சரிப்பு. என் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டில் அது எந்திரிக்கவே எந்திரிக்காது.

கேமில் வருகிற ரிவர்வுட் ஊரில் போய் நின்றேன். ஆறு கேட்கிறது. மரம் அறுக்கிற மில் கேட்கிறது. பட்டறையில் சுத்தியல், கோழி, காற்று எல்லாம் கேட்கிறது. ஆட்கள் பேசுவது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. வலது காதில், நல்ல காதில் சொல்கிறேன். அப்படியென்றால் இது காது இல்லை, கேமில் கோளாறு. மூணு நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

மே 4, ஞாயிறு

பாதி பாதியாக அணைத்துப் பார்ப்பது என்று ஒரு வழி உண்டு. மாட் போட்டு விளையாடுகிற எல்லாருக்கும் தெரியும். 143இல் 71ஐ அணை. கோளாறு போய்விட்டதா, அணைத்ததில் இருக்கிறது. போகவில்லையா, மிச்சத்தில் இருக்கிறது. மறுபடி அதில் பாதி. எட்டுத் தடவைக்குள் ஆள் மாட்டிவிடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அணைக்க முடியாது. தாய் மாட்டை எடுத்துவிட்டு அதை நம்பி நிற்கிற பிள்ளையை விட்டு வைத்தால் மெனு வருவதற்குள்ளேயே கேம் படுத்துவிடும்.

சந்தேகம் ரெண்டு பேர் மேல். ஆடியோ ஓவர்ஹால், இம்மர்சிவ் சவுண்ட்ஸ். ரெண்டும் சத்தத்தை மாற்றுகிற மாட், ஒரே இடத்தில் கை வைக்கும். நடுவில் ஒரு பேட்ச் போட்டுச் சமாதானம் பண்ணி வைத்திருந்தேன். ரெண்டையும் எடுத்தேன். கிணறுதான். கடைசியில் 143ஐயும் அணைத்து வெறும் கேமாக ஓட்டினேன். அப்பவும் கிணறு.

நடுவில் ஒரு கூத்து. ஸ்கைரிமின் ஐஎன்ஐ என்கிற செட்டிங்ஸ் ஃபைலில் ஆடியோ வரிகளை மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒரு மணி நேரம் போச்சு. மாட்களை நிர்வகிக்கிற மாட் ஆர்கனைசர் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி ஐஎன்ஐ வைத்துக்கொள்ளும் என்பதே மறந்துவிட்டது. நான் வைத்திருக்கிற புரொஃபைல் அப்படித்தான். டாக்குமெண்ட்ஸில் கிடக்கிற ஃபைலை அது ஏறெடுத்தும் பார்க்காது. பக்கத்து வீட்டு ஸ்விட்சைப் போட்டுவிட்டு நம் வீட்டில் ஏன் லைட் எரியவில்லை என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். மூணு தடவையாம். அறை வாசலில் வந்து நின்று, "கூப்புட்டா காது..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். முப்பது வருஷமாகத் திட்டின திட்டு. "தோசை ஆறுது" என்றுவிட்டுப் போனாள்.

மே 5, திங்கள்

வேலைக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

மே 6, செவ்வாய்

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

கேம் கடையான ஸ்டீமில் கேம் ஃபைல்களைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டேன். ராத்திரி மூணரை மணி, புத்தி எங்கேயோ. கேமை 1.5.97 என்கிற பழைய பதிப்பில் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது மறந்துபோச்சு. சரிபார்த்து முடித்ததும் அது 1.6.1170. பல மாட்டுக்கும் அடித்தளமான எஸ்கேஎஸ்இ 2.0.20, கேமின் பழைய எக்ஸ்இ ஃபைலுக்கு வெட்டின சாவி, புதுப் பூட்டுக்குள் நுழையாது. அதை நம்பி நிற்கிற மாட் எல்லாம் அவுட். அதில் ஃபஸ் ரோ டோவும் ஒன்று. குரல் பதிவு இல்லாத வசனத்துக்கு அது ஒரு மௌனத்தைக் கொடுத்து, வாசித்து முடிக்கும்வரை எழுத்தைத் திரையில் நிறுத்தி வைக்கும். அது போனதும் எழுத்து கண் சிமிட்டுகிற நேரத்தில் வந்து மறைகிறது. பேசுவதும் கேட்கவில்லை, பேசியதை வாசிக்கவும் முடியவில்லை.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "வெரிஃபையா குடுத்த? ஏன்டா மாப்ள, தலைவலிக்கு மொட்டை போட்டுட்டு வந்து நிக்கிற." பழைய எக்ஸ்இக்கு இறங்குவதா, எல்லாவற்றையும் புதுசுக்கு ஏற்றுவதா என்று அரை மணி நேரம் வழக்கு. ஏற்றுவதென்றால் எஸ்கேஎஸ்இ 2.2.6, அட்ரஸ் லைப்ரரி என்கிற துணை மாட், அதற்கு மேல் டிஎல்எல் ஃபைல் வைத்திருக்கிற ஒவ்வொரு மாட்டும் புதுசு. ஏற்றுவது என்று முடிவு. அவன் சொன்னதில் பாதி எனக்கு விழவே இல்லை. பழக்க தோஷத்தில் போனை இடது காதில் வைத்திருந்தேன். கட் ஆகிவிட்டது என்று நினைத்து ரெண்டு தடவை நானே வைத்துவிட்டேன். லைன் சரியில்லைடா என்றேன்.

மே 7, புதன்

டெஸ்ட் எடுக்கிற அறைக்குள் கதவைச் சாத்தியதும் தொண்டையில் எச்சில் இறங்குவதுகூடக் கேட்டது. கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். இடது காதைச் சோதிக்கும்போது வலது காதில் ஷ்ஷ் என்று ஒரு இரைச்சலை விடுகிறார்கள், நல்ல காது எட்டிப் பார்த்துக் காப்பி அடிக்காமல் இருக்க. எனக்கு உள்ளேயே ஒரு ங்ஙொய் ஓடிக்கொண்டிருக்கிறது. அதையும் இதையும் எப்படிப் பிரிப்பது? அமுக்கினேன். இன்னொரு தடவை அமுக்கினேன். "கேட்டா மட்டும் அமுக்குங்க சார், அவசரமில்ல" என்றது அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து.

போன வெள்ளி இடது காதுக்குக் கேட்க 70 டெசிபல் சத்தம் வேண்டியிருந்தது. இன்றைக்கு 65. அம்மா அந்த அஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அஞ்சு டெசிபல் முன்னே பின்னே இருப்பது கணக்கில் வராது என்றார் டாக்டர். வரும் வழியெல்லாம் அம்மா ஆட்டோக்காரரிடம் அஞ்சு குறைஞ்சிருக்கு, அஞ்சு குறைஞ்சிருக்கு என்றாள். அவர் சுகர் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் அப்பா விடியக்காலையிலிருந்து போர்ச் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார். அது எனக்காக என்பதுதான் தாங்கவில்லை.

மே 8, வியாழன்

மீனாட்சி திருக்கல்யாணம். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். தெருமுனையில் குழாய் ஸ்பீக்கர். எந்த முனை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பால் வாங்கப் போனபோது இடது பக்கம் வந்த பைக் முழங்கையில் உரசிக்கொண்டு போனது. ஹாரன் அடித்தானாம்.

மே 9, வெள்ளி

புது எஸ்கேஎஸ்இ ஏறிவிட்டது. எழுத்து நிற்கிறது. கிணறு அப்படியே.

பேச்சே வேண்டாம் என்று பிளாக்ரீச்சுக்குப் போய்விட்டேன். ட்வெமர் என்கிற பழைய இனத்தின் இடிபாடுகளுக்கு அடியில் ஒரு பாதாள ஊர். காளான் எல்லாம் மரம் உயரம், அதில் நீல வெளிச்சம். அங்கே சிவப்பு நிர்ன்ரூட் முப்பது பறிக்க வேண்டும். நிர்ன்ரூட் ஒரு செடி. பக்கத்தில் போனால் பாடும். பாட்டு என்றும் சொல்ல முடியாது, ஈயப் பாத்திரத்தின் விளிம்பில் விரலை ஓட்டின மாதிரி ஒரு இழை. அந்த இழையைப் பிடித்துக்கொண்டே போனால் செடி. பறித்ததும் நின்றுவிடும். அந்தச் சத்தம் பிடிக்காமல் அதை அணைக்க மாட் போடுகிற ஆட்களும் உண்டு.

நாலு பறித்தேன். ஒவ்வொன்றும் பறித்த பிறகும் பாடிக்கொண்டே இருந்தது. ஹெட்போனைக் கழற்றினேன். பாடியது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். செல்லூர் முழுக்கத் தூங்குகிறது. பாடியது.

மே 10, சனி

கிடைத்துவிட்டது!

தற்செயலாக. ஒயிட்ரன் கோட்டையில், கேமில் எனக்குத் துணையாக வருகிற லிடியாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது கேமரா கொஞ்சம் ஒதுங்கியது. சட்டென்று அவள் குரல் முழுசாக வந்தது. நேரே பார்த்தேன், கிணறு. முகத்தைத் திருப்பினேன், குரல். நேர், கிணறு. பத்துத் தடவை பார்த்தேன். நேருக்கு நேர் நிற்கிறவர் பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போகிறது. என்னிடம் நடு ஸ்பீக்கர் ஏது? விண்டோஸில் ஸ்பீக்கர் அமைப்பு 5.1இல், அதாவது ஆறு ஸ்பீக்கர் கணக்கில் இருக்கிறது. ஸ்டீரியோ என்று மாற்றினேன். ஊரே வாய் திறந்தது. மாட் இல்லை, ஐஎன்ஐ இல்லை, எஸ்கேஎஸ்இ இல்லை. ஒரு வாரம்!

5.1இல் வைத்தது யார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நான்தான். மே 1 ராத்திரி. இடது பக்கம் திடீரென்று சத்தம் போனதும் ஹெட்போன் போய்விட்டது என்று நினைத்து, சவுண்டில் இருக்கிற அத்தனையையும் அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பியிருக்கிறேன். விடியும்வரை. அந்த ராத்திரியே காதைப் பிடித்துக்கொண்டு ஓடியிருந்தால்? அப்படிச் சொல்லவில்லை, ரெண்டாம் நாளே வந்ததே நல்லது என்றுதான் சொன்னார்கள். இருந்தாலும்.

அம்மா பேசும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேனாம். கோவமா என்று கேட்கிறாள்.

மே 10, ராத்திரி

செடி 11.

மே 11, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு அம்மா சொல்லிவிட்டாள். திட்டி ஒரு வாய்ஸ் மெசேஜ், ரெண்டு நிமிஷம். முதல் ஒரு நிமிஷம் அவனும் ஒன்றும் பேசவில்லை. பிறகு திட்டு. கடைசியில், "விண்டோஸ்ல மோனோ ஆடியோன்னு ஒரு ஸ்விட்ச் இருக்குடா. போட்டுக்க."

தெரியும். எனக்குத் தெரியாதா? ரெண்டு பக்கத்தையும் கலந்து ரெண்டிலும் ஒன்றே வரும், ஒன்றும் தவறாது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்பது போய்விடும். ஸ்டீரியோவில் ஒற்றைக் காதால்கூட நிர்ன்ரூட்டைப் பிடிக்கலாம். நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். வலது காதில் எங்கே உச்சமாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்தினால், செடி நமக்கு வலக்கைப் பக்கம். இதை நானே கண்டுபிடித்தேன். மோனோவில் எவ்வளவு சுற்றினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எழுதி அனுப்பினேன். "சரிடா விஞ்ஞானி. கதை பேசும்போது மோனோ, செடி பறிக்கும்போது ஸ்டீரியோ" என்று பதில்.

போடவில்லை.

இன்றைக்கு அழகரை வரவேற்கிற எதிர்சேவை. அம்மா செம்பில் சர்க்கரை நிரப்பி வாழையிலையால் கட்டி எடுத்துக்கொண்டு தல்லாகுளம் போனாள். போகும்போது, "நாளைக்கு முடி இறக்கணும். நேந்திருக்கேன்."

"யாருக்கு?"

"ரெண்டு பேத்துக்கும்."

17.

மே 12, திங்கள்

காலை நாலு மணிக்கே வைகை ஏ.வி. பாலத்துப் பக்கம் கால் வைக்க இடமில்லை. வலது காதில் பஞ்சு, அதிக சத்தம் கூடாது என்பதற்காக. பஞ்சு வைத்ததும் ஜனம் முழுக்க வாயசைக்கிற ஜனமாகிவிட்டது. தோப்பறைக்காரர்கள் தோல்பையிலிருந்து பீய்ச்சின தண்ணீர் மொட்டைத் தலையில் விழுந்து கழுத்துக்குள் இறங்கியது, சில்லென்று. ஆறு மணி வாக்கில் கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கைகள் எல்லாம் மேலே போனபோதுதான் அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்று தெரிந்தது. தலைகளுக்கு நடுவே தங்கக் குதிரையின் காது மட்டும் பார்த்தேன்.

அம்மா என் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நேரமும் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். மொட்டைத் தலையோடு சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

மே 13, செவ்வாய்

இடது காதில் விரலை வைத்துத் தேய்த்தால் சரசர என்கிறது. நேற்று இல்லை. அல்லது நேற்று தேய்த்துப் பார்க்கவில்லை.

மாத்திரை 40 ஆகிவிட்டது. இன்னும் தூக்கம் இல்லை. 22.

ஆடியோ ஓவர்ஹாலைத் திரும்பப் போட்டேன். பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

மே 14, புதன்

ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். மறுபடி நேராக மாட்டினேன். மறுபடி திருப்பி. ஒரு வித்தியாசம் இருக்கிறது. இல்லை. இருக்கிறது.

நாளைக்குப் பத்தரைக்கு டெஸ்ட். கேட்கிறது கூடவில்லை என்றால் காதுக்குள் ஊசி போடுவது பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார்.

மே 15, வியாழன்

26. ஏரிக்கரையில் ஒன்று பாடுகிறது, சுற்றிக்கொண்டிருக்கிறேன். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். சேவ் பண்ணிவிட்டு