குதிரையின் இரத்தத்தை இரண்டு முறை எடுப்பது ஏன்

கடலூரில் கால்நடை மருத்துவம் பார்க்கும் என்னிடம் வருபவை பெரும்பாலும் கறவை மாடுகளும் ஆடுகளுமே. சென்ற மாசியில், தேவனாம்பட்டினம் கடற்கரையில் சவாரிக்கு விடும் பெண்குதிரை ஒன்று முதல் நாள் மாலையிலிருந்து தீனி எடுக்காமல், முன்காலால் மணலைப் பறித்துக்கொண்டும் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டும் நிற்பதாக அழைப்பு வந்தது. ஈறு உலர்ந்து கருஞ்சிவப்பாக இருந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64. கழுத்துச் சிரையில் எடுத்த இரத்தத்தில் பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் பங்கு) 52 விழுக்காடு, மொத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 8.1 கிராம், ஆக்சிஜன் போதாத திசுக்களில் சேரும் லாக்டேட் கைக்கருவியில் லிட்டருக்கு 4.1 மில்லிமோல்.

நலமான குதிரைக்கு பி.சி.வி. ஏறத்தாழ 32 முதல் 45 வரையிலும் லாக்டேட் 2-க்குக் கீழும் இருக்கும். ஆனால், பி.சி.வி.யை மட்டும் நம்பக் கூடாது. குதிரையின் மண்ணீரல் சிவப்பணுக்களின் களஞ்சியம். விலங்கு மிரண்டாலோ வலியில் துடித்தாலோ அது சுருங்கி, அணுக்களைக் குருதியில் கொட்டிவிடும். ஆகவே புரதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறியிருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது; பி.சி.வி. ஏறப் புரதம் இறங்கினால் குடற்சுவர் வழியே புரதம் கசிகிறது என்று ஐயுற வேண்டும், நான் அஞ்சுவது அதற்குத்தான்.

திசுக்களுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேராதபோது லாக்டேட் உயர்கிறது. ஆய்வகத்துக்கு அனுப்புவதாயின் ஃபுளோரைடு குழாயில்தான் எடுக்க வேண்டும். இல்லையேல் சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளும் சர்க்கரையைச் செலவழித்து லாக்டேட்டைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

அழற்சியைக் காட்டும் சீரம் அமிலாய்டு ஏ என்ற இரத்தப் புரதம் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். குணமாகும்போது விரைவாக இறங்கிவிடும். அழற்சியில் ஏறும் இன்னொரு புரதமான ஃபைப்ரினோஜன் அதற்கு ஒரு நாள் பின்தங்கியே வரும். வெள்ளணு எண்ணிக்கையோ நேர்மாறானது: குடலிலிருந்து நச்சு இரத்தத்தில் கலக்கும் கடும் நோய்களில் அது முதலில் சரிந்துவிடும். ஏறிய எண்ணைவிட இறங்கிய எண்ணே அதிகக் கவலை தரும்.

தொழிலுக்கு வந்த புதிதில், மனிதர்களுக்கான ஓர் ஆய்வகத்திலிருந்து, “சார், சீரம் மஞ்சத் தண்ணி மாதிரி இருக்கு, காமாலைதான்” என்று சொன்னதைக் கேட்டு, நானும் கல்லீரலுக்கு மருந்து எழுதியிருக்கிறேன். பட்டினி கிடக்கும் குதிரைக்கு, சீரத்தை மஞ்சளாக்கும் பிலிரூபின் என்ற நிறமி தானாகவே ஏறும் என்பது அன்று என் நினைவுக்கு வரவில்லை.

இந்தக் குதிரைக்கு நான்கு மணி நேரத்தில் பதினைந்து லிட்டர் திரவம் ஏற்றிவிட்டு மீண்டும் இரத்தம் எடுத்தேன். லாக்டேட் 2.2, பி.சி.வி. 41, புரதம் 6.9 என்று மூன்றும் சேர்ந்தே இறங்கியிருந்தன. முதல் 4.1 மட்டும் கையில் இருந்திருந்தால், குடல் முறுக்கோ என்று அஞ்சி, இரவோடு இரவாக வண்டி ஏற்றி அனுப்பச் சொல்லியிருப்பேன்.

விடியும் முன் குதிரை லத்தி போட்டது. அதைத் தண்ணீருடன் கையுறைக்குள் போட்டுக் கலக்கித் தொங்கவிட்டோம். சற்று நேரத்தில் ஐந்து விரல் நுனிகளிலும் கடற்கரை மணல் படிந்தது. தீனியைத் தரையில் கொட்டும் வழக்கத்தைக் குதிரைக்காரர் அன்றோடு விட்டுவிட்டார்.